மறைக்க வேண்டிய செய்தியா?

வேலை போய்விட்டது என்று வெளியில் சொல்ல நம்மவர் கூசுகிறார்கள். களவு செய்து அகப்பட்டவன்கூட இவ்வளவு தலைகுனிந்து நடப்பதில்லை. வேலையை இழந்தவன் செய்த குற்றந்தான் என்ன? இதைப் பிறரைக் குறைகூற நான் கேட்கவில்லை. ஒரு காலத்தில் நானும் அப்படிக் கூசியவன்தான்.

இங்கே பட்டம் பெற்றதும் குருகிராமத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் அமர்ந்தேன். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் அழைத்து, ஆட்குறைப்பு என்றார்கள். ஆயத்தமாக வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். "நீங்களே விலகியதாக இருந்தால் உங்களுக்குத்தான் கௌரவம்" என்றார் அதிகாரி. மானம் பெரிதென்று கையெழுத்திட்டேன். அதன்பின் இரண்டு மாதம், அறை நண்பர்கள் அறியாதபடி, காலையில் சாப்பாட்டு டப்பாவோடு புறப்பட்டு, விசுவவித்யாலயா நிலையத்தில் மெட்ரோ ஏறிக் குருகிராமம் வரை போய்த் திரும்பினேன். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டால், "வேலை அதிகம்" என்பேன்.

இந்தக் கூச்சத்தால் நான் இழந்தவை இரண்டு.

முதலாவது பணம். ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால், காரணம் காட்டி ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ தரவேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தரவேண்டும். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த இவ்வுரிமை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் உண்டு. நிர்வாகப் பதவியில் உள்ளோருக்கு இது பொருந்தாது. தானாக விலகியவனுக்கும் கிடையாது. எனக்குக் கௌரவம் என்று சொல்லப்பட்டது யாருக்கு இலாபம் என்பது பின்னரே விளங்கிற்று.

இரண்டாவது காலம். மார்க் கிரனோவெட்டர் என்னும் அமெரிக்க சமூகவியலறிஞர், பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டனில் வேலை மாறியவர்களை விசாரித்து, 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களுள், அடிக்கடி சந்திப்பவரால் பெற்றவர் ஏறத்தாழ ஆறில் ஒருவரே. மற்றவர்களுக்கு எப்போதாவது காணும் அறிமுகத்தாரே வழிகாட்டினர். வியப்பில்லை. நெருங்கிய நண்பர் அறிந்ததை நாமும் அறிந்திருப்போம். தொலைவில் இருப்பவரோ வேறிடங்களில் பழகுகிறவர். நம் நிலை அவர் செவிக்கு எட்டினாலன்றோ வழி பிறக்கும்?

எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது. நம் சங்கத்துப் பொங்கல் விழாவில், ஆண்டுக்கொருமுறை காணும் அண்ணன் ஒருவர் "எப்படி இருக்கீங்க, தம்பி?" என்று கேட்டார். உண்மை வாய்தவறி வந்துவிட்டது. "முன்னமே சொல்லக்கூடாதா? போன மாதந்தானே எங்கள் அலுவலகத்தில் ஓர் இடத்தை நிரப்பினோம்!" என்றார். அவர் காட்டிய வேறோர் இடத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே சில ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது சட்டம் படிக்க வந்திருக்கிறேன்.

தன்மானமுள்ளவன் பலரிடம் போய் வேலை கேட்பதா, வள்ளுவரே 'இரவச்சம்' என்று ஓர் அதிகாரம் வைத்தாரே எனச் சிலர் கேட்கலாம். அவர் அஞ்சச் சொன்னது இரத்தலுக்கு. வேலை கேட்பவன் இரப்பவன் அல்லன். கொடுக்கத் தன்னிடம் உழைப்பு இருக்கிறது என்று சொல்பவன். வேலையின்றி இருப்பவனை எடுக்க நிறுவனங்கள் தயங்குகின்றன என்பதும் மெய்யே. ஆனால் நாள் ஆக ஆக அத்தயக்கம் வளரும். மறைப்பதனால் நாள்தான் ஆகும்.

நண்பர்களே, உங்களுள் பலர் விரைவில் வேலைக்குப் போவீர்கள். ஒருநாள் உங்கள் முன்னும் அப்படியொரு கடிதம் நீட்டப்பட்டால், அங்கேயே கையெழுத்திடாதீர்கள். அவகாசம் கேளுங்கள், விவரம் அறிந்தவரிடம் காட்டுங்கள். அன்று மாலையே வீட்டாரிடம் சொல்லுங்கள். மறுநாள் தெரிந்தவர் அனைவரிடமும் சொல்லுங்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். விழாவுக்கு வரும் பழைய மாணவர்களிடம் நன்கொடை கேட்கிறோம். அவர்கள் அலுவலகங்களில் எந்த இடம் காலி என்பதையும் கேட்டு ஓர் ஏட்டில் குறித்து வைப்போம். வேலை இழந்து வருகிறவன் கூசாமல் அதைப் புரட்டிப் பார்க்கும் இடமாக நம் சங்க அறை இருக்கட்டும்.