கடலுக்கும் கணக்கு உண்டு

நடுக்கடலில் ஒரு கப்பல் போய்க் கொண்டிருக்கிறது. நள்ளிரவு நேரம். சுற்றிலும் இருட்டு. கரை நூறு மைலுக்கு அப்பால் இருக்கிறது.

கப்பலின் எஞ்சின் அறையில் கழிவு எண்ணெய் சேர்ந்து கிடக்கிறது. ஒரு குழாயைத் திறந்து விட்டால் போதும். அத்தனையும் கடலுக்குள் போய்விடும். பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. பொழுது விடிவதற்குள் கப்பல் வெகு தூரம் போய்விடும்.

இந்தக் குற்றத்தை எப்படித் தடுப்பது? கடல் முழுவதும் காவல் போட முடியுமா? முடியாது.

ஆகவே உலக நாடுகள் ஓர் எளிய வழியைக் கண்டுபிடித்தன. கப்பல்களில் ஒரு கணக்குப் புத்தகத்தை வைக்கச் சொன்னார்கள். "எண்ணெய்ப் பதிவுப் புத்தகம்" என்பது அதன் பெயர். ஆள் இல்லாத கடலில் அந்தப் புத்தகமே சாட்சி!

கழிவு எங்கிருந்து வருகிறது?

பெரிய கப்பல்கள் பலவற்றில் எரிக்கப்படும் எண்ணெய் தார் போலக் கறுத்து, கெட்டியாக இருக்கும். அதை அப்படியே எஞ்சினுக்குள் விட முடியாது. சூடாக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். அப்போது அடியில் கசடு தங்கும். நூறு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ ஒரு டன் கசடு மிஞ்சும்.

இது தவிர, பம்புகளில் இருந்தும் குழாய்களில் இருந்தும் தண்ணீரும் எண்ணெயும் சொட்டிக் கொண்டே இருக்கும். இரண்டும் கலந்து கப்பலின் அடியில் தேங்கும்.

இவற்றை அப்புறப்படுத்த நேர்மையான வழிகள் இருக்கின்றன. கசடைக் கப்பலில் உள்ள உலையில் எரிக்கலாம். துறைமுகத்தில் கட்டணம் செலுத்தி இறக்கி விடலாம். அடியில் தேங்கிய தண்ணீரைக் கருவியில் செலுத்தி, எண்ணெயைத் தனியே பிரிக்கலாம். பிரித்த பிறகு, கப்பல் ஓடிக் கொண்டிருக்கும்போது அந்தத் தண்ணீரைக் கடலில் விடலாம்.

அதற்கும் ஓர் அளவு உண்டு. பத்து லட்சம் லிட்டர் தண்ணீரில் 15 லிட்டர் எண்ணெய்க்கு மேல் இருக்கக் கூடாது. அளவு மிஞ்சினால் கருவி தானாகவே நின்றுவிட வேண்டும்.

எண்ணெய் கடலில் கலந்தால் என்ன ஆகும்? கடற்பறவையின் இறகில் எண்ணெய் ஒட்டினால் அதனால் நீரைத் தாங்க முடியாது. குளிரில் நடுங்கிச் செத்துப் போகும். மீன் முட்டைகள் கெடும். மீனவரின் வலை பாழாகும். எண்ணெய் வாடை வீசும் மீனை யார் வாங்குவார்கள்?

புத்தகத்தில் எழுத வேண்டியது என்ன?

400 டன் அளவுக்கு மேற்பட்ட எல்லாக் கப்பல்களும் இந்தப் புத்தகத்தை வைத்திருக்க வேண்டும். எண்ணெய் ஏற்றிச் செல்லும் கப்பலாக இருந்தால் 150 டன் அளவுக்கு மேல் இருந்தாலே வைத்திருக்க வேண்டும். இங்கே டன் என்பது கப்பலின் கொள்ளளவைக் குறிக்கும். எண்ணெய்க் கப்பல்களுக்குப் புத்தகத்தில் இரண்டு பாகம். எஞ்சின் அறைக் கணக்கு ஒன்று. சரக்கு எண்ணெயின் கணக்கு மற்றொன்று.

எந்தத் தொட்டியில் எவ்வளவு கசடு இருக்கிறது என்பதை வாரா வாரம் எழுத வேண்டும். எரித்தால் மொத்தம் எத்தனை மணி நேரம் எரிந்தது என்று எழுத வேண்டும். கடலில் தண்ணீர் விட்டால் நேரத்தையும், கப்பல் அப்போது இருந்த இடத்தையும் எழுத வேண்டும். துறைமுகத்தில் கசடை இறக்கினால் அதற்கு ரசீது வாங்கிப் புத்தகத்தோடு வைக்க வேண்டும்.

ஒவ்வொரு பதிவுக்கும் பொறுப்பான அதிகாரி கையெழுத்திட வேண்டும். பக்கம் நிறைந்ததும் கப்பலின் கேப்டன் கையெழுத்திட வேண்டும். கடைசிப் பதிவுக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் வரை புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

தவறாக எழுதிவிட்டால் என்ன செய்வது? ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்த எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டுச் சரியானதை எழுத வேண்டும். மளிகைக் கடைப் பேரேட்டை ஒழுங்காக எழுதும் கணக்குப்பிள்ளைக்கு இந்த விதி புதிதல்ல. மறைத்து அடித்தால் சந்தேகம் வரும்; தெரியும்படி அடித்தால் நம்பிக்கை வரும்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. கருவி பழுதானால் அதை எழுதவும் இந்தப் புத்தகத்தில் இடம் உண்டு. விபத்தினால் எண்ணெய் கொட்டிவிட்டால் அதை எழுதவும் இடம் உண்டு. இயந்திரம் என்றால் பழுது வரும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி சொல் என்பதுதான் அவர்கள் கேட்பது.

விதி பிறந்த கதை

1954-ம் ஆண்டு லண்டனில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. கரையை ஒட்டிய கடலில் எண்ணெய் கொட்டக் கூடாது என்றும், கப்பல்கள் எண்ணெய்க் கணக்கு எழுத வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டது. 1958-ல் அது அமலுக்கு வந்தது.

1967-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி, "டோரி கேன்யன்" என்ற பெரிய எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அருகே பாறையில் மோதியது. ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் டன் எண்ணெய் அதில் இருந்தது. எண்ணெயை எரித்து விடுவதற்காக, பிரிட்டிஷ் விமானங்கள் அந்தக் கப்பல் மீது குண்டு போட்டன. எண்ணெய் இங்கிலாந்துக் கரையிலும் பிரான்சுக் கரையிலும் ஒதுங்கியது.

உலகம் விழித்துக் கொண்டது. பழைய ஒப்பந்தம் போதாது என்று, 1973-ல் புதிய ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1978-ல் அது திருத்தப்பட்டது. 1983-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி அமலுக்கு வந்தது. "மார்போல்" என்று அதை அழைக்கிறார்கள். இந்தியா அதில் 1986-ல் சேர்ந்தது. இன்று எண்ணெய்ப் பதிவுப் புத்தகம் எழுதப்படுவது இந்த ஒப்பந்தத்தின்படிதான்.

மந்திரக் குழாய்

விதி இருந்தால் அதை மீறுகிறவர்களும் இருப்பார்கள் அல்லவா?

எண்ணெயைப் பிரிக்கும் கருவிக்குள் போகாமல், கழிவை நேராகக் கடலுக்கு அனுப்ப ஒரு கள்ளக் குழாயைப் பொருத்துவார்கள். கப்பல் வேலையில் இருப்பவர்கள் இதற்கு வைத்த பெயர் "மந்திரக் குழாய்". தேவைப்படும்போது மாட்டுவார்கள். சோதனை என்றால் கழற்றி விடுவார்கள். புத்தகத்தில் மட்டும் எல்லாம் முறைப்படி நடந்ததாக எழுதி வைப்பார்கள்.

"கரீபியன் பிரின்சஸ்" என்ற உல்லாசப் பயணக் கப்பலில் இது நடந்தது. 2013-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி, இங்கிலாந்துக் கரையில் இருந்து 23 மைல் தூரத்தில், ஏறத்தாழ 16 ஆயிரம் லிட்டர் கழிவு கடலில் விடப்பட்டது. அளவு காட்டும் கருவியை ஏமாற்றுவதற்காக, அதனுள் சுத்தமான கடல் நீரைச் செலுத்தினார்கள்!

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஓர் எஞ்சினீயர் அந்தக் கள்ளக் குழாயைக் கண்டார். மனம் ஒப்பவில்லை. கப்பல் சவுதாம்டன் துறைமுகத்துக்கு வந்ததும் வேலையை விட்டு இறங்கினார். பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் விவரத்தைச் சொன்னார்.

உடனே மேலதிகாரிகள் குழாயைக் கழற்றச் சொன்னார்கள். பொய் சொல்லும்படி கீழே இருந்தவர்களுக்கு உத்தரவு போட்டார்கள். ஆனால் செய்தி அமெரிக்கா வரை போய்விட்டது. கப்பல் நியூயார்க் சென்றபோது அமெரிக்கக் கடலோரக் காவல் படை சோதனை போட்டது.

2016-ல் கப்பல் கம்பெனி குற்றத்தை ஒப்புக் கொண்டது. 4 கோடி டாலர் அபராதம் கட்டியது. உண்மையைச் சொன்ன எஞ்சினீயருக்கு 10 லட்சம் டாலர் சன்மானம் கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது.

பொய் அகப்படுவது எப்படி?

இங்கே ஒரு கேள்வி எழும். கழிவு கொட்டப்பட்டது இங்கிலாந்துக்கு அருகே. கப்பலின் கொடியோ பெர்முடா தீவின் கொடி. அமெரிக்கா எப்படித் தண்டிக்க முடிந்தது?

புத்தகம்தான் காரணம். தூரக் கடலில் கொட்டிய குற்றம் ஒரு நாட்டின் கைக்கு எட்டாமல் போகலாம். ஆனால் பொய் எழுதிய புத்தகத்தோடு அமெரிக்கத் துறைமுகத்துக்குள் வருவது அமெரிக்காவிலேயே நடந்த குற்றம் ஆகிவிடுகிறது. அந்தப் பொய்க் கணக்கே வழக்குக்குப் பிடி கொடுத்தது.

ஆள் காட்டிக் கொடுக்காவிட்டாலும் கணக்கு காட்டிக் கொடுக்கும். ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு கப்பல் ஆயிரம் டன் எண்ணெய் எரித்திருக்கிறது. ஏறத்தாழ பத்து டன் கசடு வந்திருக்க வேண்டும். புத்தகத்தில் இரண்டு டன்தான் இருக்கிறது. மீதி எட்டு டன் எங்கே போயிற்று? துறைமுக ரசீது இருக்கிறதா? உலை எத்தனை மணி நேரம் எரிந்தது? சோதனை அதிகாரி இப்படித்தான் கேட்பார்.

தொட்டிகளைத் தினமும் அளந்து எழுதும் குறிப்பு வேறு இருக்கும். அதுவும் புத்தகமும் ஒத்துப் போக வேண்டும். குழாய் மூட்டில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால், திருகாணி அடிக்கடி கழற்றப்பட்டது தெரிந்து போகும். ஒரு பொய்யை எழுதினால் பத்து இடத்தில் பொய் எழுத வேண்டும். பத்திலும் ஒன்று போல எழுதுவது யாராலும் ஆகாது.

வானில் இருந்தும் கண்காணிப்பு நடக்கிறது. எண்ணெய் படிந்த இடத்தில் அலை அடங்கி இருக்கும். அதை ராடார் செயற்கைக் கோள்கள் படம் பிடிக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் 2007 முதல் இந்த முறையைக் கையாண்டு வருகின்றன. 2020-ம் ஆண்டு அக்டோபர் முதல், காகிதப் புத்தகத்துக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யவும் அனுமதி உண்டு.

நமக்கு என்ன சம்பந்தம்?

2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கரையெல்லாம் கறுப்பு எண்ணெய். மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளிய காட்சியைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அது விபத்து, ஊருக்கே தெரிந்தது. இரவில் திருட்டுத்தனமாகக் கொட்டுவது யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் கடல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இன்னொரு சம்பந்தமும் இருக்கிறது. உலகக் கப்பல்களில் இந்திய மாலுமிகள் ஏராளம். தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இருந்தும் இளைஞர்கள் எஞ்சின் அறை வேலைக்குப் போகிறார்கள். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமே சென்னைதான். நாளை அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போடப் போவது நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

"எழுது, கையெழுத்துப் போடு" என்று மேலே இருப்பவர் சொல்லுவார். கடன் வாங்கிப் படித்த பிள்ளை. வேலை போய்விடுமோ என்ற பயம். கை நடுங்கும். ஆனால் வழக்கு என்று வந்தால், சொன்ன வாய் தப்பிக்கப் பார்க்கும். எழுதிய கைதான் அகப்படும்.

செய்ய வேண்டியது என்ன?

இளைஞனுக்கு நேர்மையைப் போதித்தால் மட்டும் போதாது. அவன் நேர்மையாக இருக்க வழியும் செய்ய வேண்டும்.

கரீபியன் பிரின்சஸ் வழக்கில் தெரிய வந்த ஒரு செய்தி முக்கியமானது. துறைமுகத்தில் கழிவை இறக்கச் செலவு அதிகம், கரையில் இருக்கும் மேலதிகாரி பணம் கொடுக்க விரும்ப மாட்டார் என்று தலைமை எஞ்சினீயர் சொல்லியிருக்கிறார். குற்றத்தின் வேர் அங்கே இருக்கிறது. எஞ்சின் அறையில் குழாயை மாட்டுகிறவனைப் பிடித்தால் போதாது. கழிவை இறக்கப் பணம் தராத முதலாளியையும் கேட்க வேண்டும்.

துறைமுகங்கள் கழிவைத் தாமதம் இல்லாமல் வாங்கிக் கொள்ள வேண்டும். கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும். கழிவை இறக்குவதற்குக் கப்பல் காத்துக் கிடக்கும்படி செய்தால், அதுவே கடலில் கொட்டத் தூண்டுவதாகும்.

உண்மை சொல்லுகிற மாலுமிக்குப் பாதுகாப்பு வேண்டும். அபராதத்தில் பாதி வரை அவருக்குக் கொடுக்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. மற்ற நாடுகளும் இதை யோசிக்கலாம். பரிசு இல்லாவிட்டாலும், உண்மை சொன்னவருக்கு வேறு கப்பலில் வேலை கிடைக்காமல் போகும் நிலை வரக்கூடாது.

சோதனை அதிகாரிகள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து விட்டு மூடிவிடக் கூடாது. தொட்டியோடும் ரசீதோடும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். பொய்யாக எழுதிய கணக்கு அதைவிடக் கொடியது. அதைத் தீர்க்கப் போவது கப்பல் முதலாளி அல்ல. வலை காய்ந்து கிடக்கும் மீனவர் குடும்பம்தான் தீர்க்க வேண்டியிருக்கும். ஆகவே கடலின் கணக்கை நாடுகள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். கணக்கு எழுதுகிறவனின் கையைக் காப்பாற்றவும் வேண்டும்.