எரர் வந்தா பயப்படாதீங்க... கடைசி வரியைப் படிங்க!

ஆபீஸ் முடிந்து இரவில் பைத்தான் கற்கத் தொடங்கும் பலர், 'நமக்கு இது செட் ஆகாது' என்று சில நாட்களிலேயே லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள். காரணம், திரையில் வந்து நிற்கும் எரர்.

அது உங்களுக்குப் போடும் மார்க் இல்லை. எங்கே இடிக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லும் தகவல். பைத்தானில் முதலில் கடைசி வரியைப் படியுங்கள். 'நேம் எரர்' என்றால், நீங்கள் எழுதிய பெயர் அதற்குத் தெரியவில்லை. பல நேரம் வெறும் எழுத்துப்பிழைதான். 'சின்டாக்ஸ் எரர்' என்றால் அடைப்புக்குறியோ, மேற்கோள் குறியோ விடுபட்டிருக்கலாம். எத்தனையாவது வரி என்பதும் அதற்கு மேலேயே இருக்கும்.

அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். 1996-ல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட், முதல் பயணத்தில் ஒரு நிமிடம்கூடத் தாண்டாமல் வெடித்தது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டாக மாற்றும்போது, அது அதற்குள் அடங்காததே பிரச்சினையின் தொடக்கம்.

எரரை ஏஐ-யிடம் கொடுத்து விடை வாங்குவது ஈஸி. ஆனால், முதல் 10 நிமிடம் நீங்களே தேடிப் பாருங்கள். நாளைக்கு ஏஐ எழுதித் தந்த கோடில் தப்பு இருந்தால், கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள்தானே!

இன்றைக்கே மாதச் செலவைக் கூட்டிச் சொல்லும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதிப் பாருங்கள். எரர் வரும். வரட்டுமே!