முந்திக்கொள்ளும் மூளை

1983இல் அமெரிக்க நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெற் வெளியிட்ட ஆய்வொன்று, மனிதனின் தெரிவுச் சுதந்திரத்தையே ஐயத்துக்குள்ளாக்கியது. விரும்பிய கணத்தில் மணிக்கட்டை அசைக்கும்படி பணிக்கப்பட்டோரின் மூளையில், அவ்விருப்பத்தை அவர்கள் உணர்வதற்கு ஏறத்தாழ மூன்றிலொரு செக்கன் முன்னரே மின்மாற்றம் தொடங்கியிருந்தது. "மூளை செய்தது, நான் என் செய்வேன்?" என்போருக்கு இது வாய்ப்பாயிற்று.

ஆயினும், எழுந்த உந்துதலை இறுதிக் கணத்தில் தடுக்க மனிதனால் இயலும் என்றே லிபெற் கருதினார். அம்மின்மாற்றம் முடிந்துபோன தீர்மானமன்று, மூளையின் இயல்பான ஏற்றத்தாழ்வாகலாம் என 2012இல் வேறோர் ஆய்வுக்குழு விளக்கியது. அன்றியும், மணிக்கட்டசைவில் நன்மை தீமை ஏது? அயலவனை மன்னிப்பதா என்ற வினாவோ நாட்கணக்கில் மனத்தில் உழல்வது.

சோதனை எழுவதையன்று, அதற்கு இசைவதையே திருச்சபை பாவமென்கிறது. அச்சமும் பழக்கமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம் எனக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1735ஆம் எண்ணில் கூறுகிறது. குடிக்கு அடிமையானவரை "மனம் வைத்தால் விடலாமே" எனக் கடிந்துகொள்ளும் நாம், அப்பகுதியை அரிதாகவே வாசிக்கிறோம்.