எழுப்பும்போதே பெயர் எழுதுங்கள்

கிளவுடில் ஒரு மெஷினை எழுப்ப ஒரு வரிக் கட்டளை போதும். சில நிமிடங்களில் அது எங்கோ ஒரு தரவு மையத்தில் ஓடத் தொடங்கிவிடும். அமேசான் கிளவுடில் அதற்குக் கிடைக்கும் அடையாளம் 'ஐ' என்ற எழுத்து, ஒரு சிறு கோடு, பிறகு எண்ணும் எழுத்தும் கலந்த 17 குறிகள். யார் எழுப்பியது, எந்த வேலைக்கு, எப்போது அணைக்கலாம் என்பதெல்லாம் அதில் தெரியாது. அதைச் சொல்வதற்காக இருப்பதுதான் டேக். ஒரு கீ, அதற்கு ஒரு வேல்யூ. 'ஓனர்' என்றால் இந்தக் குழு, 'ப்ராஜெக்ட்' என்றால் இந்த வேலை. இவ்வளவு எளிய விஷயம் பல அலுவலகங்களில் ஏன் இத்தனை அலட்சியத்துக்கு ஆளாகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் கேள்வி.

சென்னை ஓஎம்ஆரில் ஒரு நிறுவனத்தின் மாதாந்திர பில் கூட்டத்தில் இருந்தேன். மேனேஜர் திரையில் ஒரு வரியைக் காட்டி, "இது யாரோட மெஷின்மா?" என்றார். "நம்ம டீம்ல இருந்த ஒரு அண்ணா லாஞ்ச் பண்ணது சார். அவர் பேப்பர் போட்டுட்டுப் போயிட்டார்" என்றாள் குழுவிலிருந்த ஒரு பெண். "அப்போ நிறுத்திடலாமா?" "வேணாம் சார், புரொடக்‌ஷனா இருந்துட்டா?" அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண் சொன்னதில் தவறில்லை. என்னவென்று தெரியாததைத் தொடாமல் இருப்பதுதான் பொறுப்பு. பெயர் இல்லாமல் ஒரு மெஷினை எழுப்ப அனுமதித்த ஏற்பாட்டில்தான் தவறு இருக்கிறது.

எவர்சில்வர் குடம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். நாலு வீட்டுப் பாத்திரங்கள் கல்யாண மண்டபத்தில் கலந்த பிறகு பெயர் வெட்ட யாரும் உட்காருவதில்லை. ஆனால் அலுவலகங்களில் நடப்பது அதுதான். ஆடிட் வருகிறது என்றால் ஒரு வாரம் எல்லாரும் உட்கார்ந்து டேக் ஒட்டுகிறார்கள். பாதி ஊகம், மீதி பக்கத்து மெஷினைப் பார்த்து எழுதியது. இன்று ஒட்டிய டேக் போன மாதச் செலவைப் பிரித்துக் காட்டாது. அமேசானில் அந்த டேக்கை பில்லிங் பக்கத்தில் தனியாகச் செயல்படுத்தினால்தான் இனி வரும் பில்லிலாவது அது தெரியும்.

மெஷினை எழுப்பும் கட்டளையிலேயே டேக்கையும் சேர்த்துவிடலாம். இங்கே பலரும் கவனிக்காத இடம் டிஸ்க். மெஷினுக்குக் கொடுத்த டேக் அதனோடு பிறக்கும் டிஸ்க்குக்குத் தானாகப் போய்ச் சேராது. மெஷினைக் குறிக்கும் இன்ஸ்டன்ஸுக்கு ஒன்று, டிஸ்க்கைக் குறிக்கும் வால்யூமுக்கு ஒன்று என்று அதே கட்டளையில் இரண்டையும் சொல்ல வேண்டும். மெஷினை அழிக்கும்போது, இயல்பான அமைப்பில், அதன் மூல டிஸ்க் கூடவே போய்விடும். பிறகு சேர்த்த டிஸ்க்குகள் அப்படியே நிற்கும், வாடகையும் ஓடும். ஒதுக்கி வாங்கிய ஐபி முகவரியும் அப்படித்தான். 2024 பிப்ரவரி 1 முதல் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், அமேசான் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 3.6 டாலர். ஒன்று என்றால் சில்லறை. கேட்பாரற்று நூறு கிடந்தால் ஓர் இளம் பொறியாளரின் சம்பளத்தில் நல்ல பங்கு. மைக்ரோசாஃப்டின் அஷூரில் வேறு ஒரு ஏமாற்றம் உண்டு: ரிசோர்ஸ் குரூப்புக்கு வைத்த டேக் அதற்குள் இருக்கும் மெஷினுக்கு இறங்காது. பாலிசி எழுதி இறக்க வேண்டும்.

ஏற்கெனவே கிடக்கும் மெஷின்களுக்கு என்ன செய்வது? அங்கேதான் ஸ்கிரிப்ட் வேண்டும். திரையில் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து ஒட்டுபவர் முப்பதாவது மெஷினில் எழுத்துப்பிழை விடுவார். அமேசானில் 'Owner' என்பதன் முதல் எழுத்து பெரியதாக இருந்தால் ஒரு கீ, சிறியதாக இருந்தால் இன்னொரு கீ. அஷூரில் கீயின் பெயரில் அந்த வித்தியாசம் இல்லை, வேல்யூவில் உண்டு. கூகுள் கிளவுடில் இதற்கு லேபிள் என்று பெயர், ஆங்கிலப் பெரிய எழுத்தே கூடாது. அங்கே டேக் என்ற பெயரில் ஃபயர்வாலுக்கான வேறொரு ஏற்பாடும் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றையும் சிறிய எழுத்திலேயே வைப்பது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டால் ஒரே பட்டியல் மூன்று இடத்திலும் செல்லும்.

டேக் இல்லாதவற்றைத் தேடுவதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. அமேசானின் டேக் சேவையில் எல்லா ரிசோர்ஸையும் கொடு என்று கேட்கும் கட்டளை ஒன்று உண்டு. அது கொடுப்பது இப்போது டேக் உள்ளவற்றையும் முன்பு எப்போதோ டேக் இருந்தவற்றையும் மட்டும்தான். ஒருமுறைகூட டேக் பார்க்காத மெஷின் அந்தப் பட்டியலில் வராது. நாம் தேடுவதோ அதைத்தான். ஆகவே மெஷின் பட்டியலையும் டிஸ்க் பட்டியலையும் நேரடியாகக் கேட்டு, கீ இல்லாததைச் சலித்து எடுக்க வேண்டும். அதையும் ஒவ்வொரு ரீஜனாகச் செய்ய வேண்டும். மும்பையில் மட்டும் தேடிவிட்டு எல்லாம் சுத்தம் என்று சொல்லும் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்.

ஒட்டும் கட்டளையிலும் எச்சரிக்கை தேவை. அமேசானில் புதிய டேக் பழையவற்றோடு சேரும், அதே கீ இருந்தால் மட்டும் வேல்யூ மாறும். அஷூரின் டேக் அப்டேட்டில் மெர்ஜ், ரீப்ளேஸ், டெலீட் என்று மூன்று வழி. ரீப்ளேஸ் என்று எழுதி ஓடவிட்டால் முன்பிருந்த எல்லா டேக்கும் போய்விடும். ஆயிரம் மெஷினில் அது நடக்க ஒரு ஃபார் லூப் போதும். அமேசான் கட்டளைகளில் உள்ள டிரை-ரன் நமக்கு அனுமதி இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். எத்தனை மெஷின் சிக்கும் என்று சொல்லாது. அதனால் முதலில் பட்டியலை மட்டும் அச்சிடும்படி ஸ்கிரிப்ட்டை எழுதுங்கள், இன்னொருவர் அதைப் படிக்கட்டும்.

அமேசானிலும் அஷூரிலும் ஒரு ரிசோர்ஸுக்கு 50 டேக் வரை வைக்கலாம், கூகுளில் 64. இடம் இருக்கிறது என்று நிரப்ப வேண்டியதில்லை. ஓனர், ப்ராஜெக்ட், என்விரான்மென்ட், காலாவதி தேதி என்ற நான்கு போதும் என்பது என் முடிவு. ஓனரில் ஆளின் பெயர் வேண்டாம், குழுவின் பெயர் இருக்கட்டும், ஆட்கள் போவார்கள். காலாவதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் ஸ்கிரிப்ட் அதை அப்படியே ஒப்பிட்டுக்கொள்ளும். ரகசியம் எதையும் டேக்கில் எழுதாதீர்கள். பில்லைப் பார்ப்பவர் எல்லாரும் அதைப் படிப்பார்கள்.

சரியாக ஒட்டிய டேக்கின் பலன் உடனே தெரியும். வாரத்துக்கு 168 மணி நேரம். டெஸ்ட் மெஷின் என்று குறித்தவற்றை ஐந்து நாளும் பன்னிரண்டு மணி நேரம் மட்டும் ஓடவிட்டால் 60 மணி நேரம்தான். மீதி 108 மணி நேரத்துக்கு மெஷின் வாடகை இல்லை, டிஸ்க் வாடகையும் ஒதுக்கி வாங்கிய ஐபியின் வாடகையும் தொடரும். அஷூரில் இந்தப் பலன் கிடைக்க உள்ளிருந்து ஷட் டவுன் செய்தால் போதாது, டீஅலோகேட் செய்ய வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டேக் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எதையும் அழிக்கும் ஸ்கிரிப்ட்டை எழுதாதீர்கள். கேளுங்கள், நிறுத்திவைத்துக் காத்திருங்கள், ஸ்னாப்ஷாட் எடுங்கள், அதன் பிறகு அழியுங்கள். அதோடு, ஓனர் இல்லாமல் வரும் லாஞ்ச் கோரிக்கையை மறுக்கும் விதியை அமேசானின் ஐஏஎம் பாலிசியிலோ அஷூர் பாலிசியிலோ இந்த வாரமே போடுங்கள். முதல் இரண்டு நாள் குழுவில் எல்லாரும் முணுமுணுப்பார்கள். விதியைத் தளர்த்தாதீர்கள்.