ஒட்டுத் தேசி எண்டா நஞ்சா?

ஆரையம்பதியில வளவுக்குள்ள ஒரு ஒட்டுத் தேசிக்கன்று வைத்துப் பாருங்கள். "அது ஹைபிரிட், உடம்புக்குக் கூடாது, நாட்டுத் தேசிதான் சுத்தம்" எண்டு மூணு பேராவது வந்து சொல்லுவாங்க. இந்தச் சுத்தக் கதை எங்களுக்கு அலுத்துவிட்டது.

நாட்டுத் தேசியே கலப்புத்தான். பிலிப்பைன்ஸ் பக்கத்து மைக்ராந்தா என்ற காட்டினமும் சிட்ரனும் சேர்ந்து பிறந்தது அது. 2018இல் 'நேச்சர்' இதழில் வந்த மரபணு ஆய்வும் அதைத்தான் சொல்கிறது. தோடை, பம்பளிமாசும் மண்டரினும் கலந்த வழியில் வந்தது. அம்மன் சூலத்தில குத்துறதும் இந்தக் கலப்புக் காயைத்தான். அவ கோவிச்ச மாதிரித் தெரியல்ல. கலப்பு எண்டதும் முகம் சுளிக்கிற பழக்கம் மரத்தோட மட்டும் நிக்கிறதில்ல எண்டதும் எங்களுக்குத் தெரியும்.

ஒட்டு வேறு விசயம். ஒரு மரத்தின் வேரில் இன்னொன்றின் மொட்டை வைத்துக் கட்டுவது, அவ்வளவுதான். காய்ப்பது மேல்மரத்தின் காய். கடலுக்கும் வாவிக்கும் நடுவில கிணத்துத் தண்ணி உப்புத் தட்டினா தேசி கருகும். கிளியோபாட்ரா மண்டரின் வேர் அந்த உப்பை ஓரளவு தாங்கும். கன்று வாங்கக்குள்ள நாட்டா ஹைபிரிட்டா எண்டு கேக்காதீங்க, கீழ இருக்கிற வேர் எது எண்டு கேளுங்க.