குருத்துவம் இல்லாத மார்க்கத்தில் நாம்

பாடசாலை விழா எதுவானாலும் மேடையில் முதலில் ஒலிக்கும் விளிப்பு "மதகுருமார்களே" என்பதுதான். ஹாமதுருவும் ஐயரும் பாதரும் மௌலவியும் முன்வரிசையில் ஒன்றாக அமர்ந்திருப்பார்கள். நானும் பலமுறை அவ்வாறே விளித்துப் பேசியிருக்கிறேன். சபை மரியாதைக்கு அது நல்ல சொல்தான். ஆனால் எங்கள் உம்மும்மா மௌத்தான நாள் அந்தச் சொல்லைப் பற்றி என்னைச் சிந்திக்க வைத்தது.

அன்று சுபஹுக்குப் பின் உம்மும்மாவின் உயிர் பிரிந்தது. எங்கள் ஊரில் பெண் ஜனாஸாக்களைக் குளிப்பாட்டுபவர் ஒரேயொரு மூதாட்டி. அவர் அன்று சுகவீனமுற்று வைத்தியசாலையில் இருந்தார். அயலூரிலிருந்து இன்னொருவரை அழைத்துவர லுஹரும் கடந்துவிட்டது. உம்மும்மாவைச் சுற்றி அவர் பெற்ற நான்கு பெண்மக்களும் ஏழு பேத்திகளும் இருந்தோம். எங்களுள் ஆசிரியையும் இருந்தார், பட்டதாரியும் இருந்தார். குளிப்பாட்டத் தெரிந்தவர்தான் ஒருவரும் இருக்கவில்லை. துஆவுக்கும் லெப்பை வரட்டும் என்றே காத்திருந்தோம். தினமும் குர்ஆன் ஓதும் என் உம்மா, தன் தாய்க்காகக் கையேந்தாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குருத்துவம் என்றால் என்ன? இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையிலான ஒரு கடமையை இன்னார்தான் செய்யலாம், மற்றவர் செய்தால் அது நிறைவேறாது என்பதே அதன் சாரம். கத்தோலிக்கத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவரே திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பு வழங்கலாம். ஆகம வழியில் அமைந்த இந்துக் கோயில்களில் தீட்சை பெற்ற குருக்களே கருவறைக்குள் பூசை செய்வார். கிறிஸ்தவ உலகிலேயே இதுபற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. 1517ஆம் ஆண்டில் சீர்திருத்தத்தைத் தொடக்கிய மார்ட்டின் லூதர், விசுவாசிகள் அனைவரும் இறைவன் முன் குருக்களே என்று வாதிட்டார். ஒவ்வொரு சமயத்தவரும் தம் வழியைப் பேணுகிறார்கள். அதை மதிப்பது நம் கடமை.

இஸ்லாம் இந்த விடயத்தில் தெளிவாக இருக்கிறது. நமக்குக் குருப்பட்டம் இல்லை, பரம்பரைக் குருகுலமும் இல்லை. பாவமன்னிப்பை அல்லாஹ்விடம் நேரடியாகவே கேட்கிறோம். தொழுகை நடத்தும் இமாமும் நம்மைப் போல் கிப்லாவை நோக்கியே நிற்கிறார். நம்மில் ஒருவராக முன்னால் நிற்கிறார், அவ்வளவுதான். அம்ர் இப்னு ஸலிமா (ரழி) அவர்கள் தம் கூட்டத்தாருக்கு இமாமாக நின்றபோது அவருக்கு ஆறு அல்லது ஏழு வயது. அங்கு குர்ஆனை அதிகம் மனனம் செய்திருந்தவர் அவரே என்பதுதான் காரணம். நிகாஹுக்கு வலீயும் இரு சாட்சிகளும் ஈஜாபு கபூலும் வேண்டும். மௌலவி முன்னிலையில் இருப்பது நிபந்தனையன்று. ஜனாஸாத் தொழுகையை நடத்த மையித்தின் நெருங்கிய உறவினரே முதல் உரிமையுடையவர் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். நபி (ஸல்) அவர்களின் மகளாரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டியவர்களுள் ஒருவர் உம்மு அதிய்யா (ரழி) என்ற பெண்மணி. அந்த முறையை நமக்கு அறிவித்தவரும் அவரே. சாகக் கிடந்த ஆட்டைக் கூரிய கல்லால் ஓர் அடிமைப் பெண் அறுத்தபோது, அதை உண்ணலாம் என்று நபியவர்கள் அனுமதித்தார்கள். நாமோ ஒரு கோழியை அறுப்பதற்கும் லெப்பையைத் தேடிப் பிள்ளையை அனுப்புகிறோம்.

ஆக, மார்க்கம் வைக்காத குருத்துவத்தை நம் சோம்பலே உருவாக்கியிருக்கிறது என்பது என் கருத்து. யாரும் நம்மைத் தடுக்கவில்லை. நாமாகவே கடமைகளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு கவரில் காசு வைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டோம்.

"அப்படியானால் ஆலிம்களே வேண்டாமா?" என்று வாப்பா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆலிம்கள் கட்டாயம் வேண்டும். ஒரு கூட்டத்தினர் மார்க்கத்தை ஆழமாகக் கற்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அல்குர்ஆனே பணிக்கிறது. கைத்தொலைபேசியில் இரண்டு காணொளி பார்த்துவிட்டு பத்வா சொல்பவர்களால் விளையும் குழப்பத்தையும் நாம் காண்கிறோம். வாரிசுச் சொத்துப் பங்கீடு, தலாக், வட்டி போன்றவற்றில் கற்றவரிடம் கேட்டே ஆக வேண்டும். ஆனால் ஆலிம் நமக்குக் கற்றுத் தருபவர். நமக்குப் பதிலாக வணங்குபவர் அல்லர். நோய்க்கு வைத்தியரிடம் போகிறோம். மருந்தை நாம்தானே குடிக்க வேண்டும்!

இந்தப் பழக்கத்தால் மௌலவிமாருக்கும் நன்மையில்லை. பல ஆண்டுகள் ஓதித் தேர்ந்த ஒருவரைக் கத்தத்துக்கும் கோழி அறுப்பதற்கும் மட்டும் அழைத்தால் அவருடைய இல்முக்கு என்ன மதிப்பு? அவரிடம் கேள்வி கேளுங்கள், பாடம் கேளுங்கள். அதுவே அவருக்குச் செய்யும் உண்மையான கண்ணியம்.

பெண்பிள்ளைகளாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. பெண்ணின் ஜனாஸாவைக் குளிப்பாட்டுவது பெண்களின் கடமை. அது பர்ளு கிபாயா. ஊரில் ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். ஒரு மூதாட்டியின் தோளில் முழு ஊரின் பர்ளையும் ஏற்றி வைத்திருப்பது எவ்வளவு பெரிய அலட்சியம்! பரீட்சைக்காகக் குளிப்பாட்டும் முறையை இஸ்லாம் பாடத்தில் எழுதிப் புள்ளி வாங்குகிறோம். செய்துகாட்டச் சொன்னால் எத்தனை பேர் முன்வருவோம்? நம் கல்லூரியில் வருடத்தில் ஒரு நாளையேனும் இந்தப் பயிற்சிக்கென ஒதுக்க வேண்டும் என்று அதிபரையும் ஆசிரியைகளையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் உங்களுக்காகத் தாமே கையேந்தி துஆக் கேட்க இப்போதே பழக்குங்கள். அரபியில் முடியாவிட்டால் தமிழில் கேட்கட்டும். அல்லாஹ் எல்லா மொழியையும் அறிந்தவன்.

அன்று பிற்பகல், வந்த பெண்மணியிடம் கேட்டு நானும் உள்ளே சென்று தண்ணீர் ஊற்றினேன். கை நடுங்கியது. அவர் சொல்லித்தரச் சொல்லித்தரச் செய்தேன். அடுத்த முறை எங்கள் குடும்பம் வாசலைப் பார்த்துக் காத்திருக்காது, இன்ஷா அல்லாஹ்.