முழங்காலைக் கேட்டு பைக் வாங்குங்கள்

தமிழில் 'சொகுசு' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. "சொகுசு கேக்குதா உனக்கு?" என்று யாராவது சொன்னால் அது கேள்வி இல்லை, திட்டு. டவுன் பஸ்ஸில் முட்டி இடிக்குது என்றால் சொகுசு. பள்ளிக்கூட பெஞ்சில் கால் நீட்ட முடியலை என்றால் சொகுசு. இருபத்தஞ்சு வயசில் முதுகு வலிக்குது என்றால், "இந்த வயசுல என்னடா முதுகுவலி?" வலியைத் தாங்குகிறவன் ஆம்பளை, வலிக்குது என்று சொல்கிறவன் நோஞ்சான். நம் ஊரில் பழைய பைக் வாங்கும் பழக்கம் முழுக்க இந்த ஒழுக்கவியலின் மேல்தான் நிற்கிறது. அதைத்தான் இங்கே எதிர்க்கிறேன்.

என் உயரம் 188 சென்டிமீட்டர். ஆறடி ரெண்டு அங்குலம். இந்திய ஆணின் சராசரி உயரம் 165 சென்டிமீட்டரை ஒட்டியது. பெரும்பாலான பைக்குகள் அந்தச் சராசரி ஆளை உட்கார வைத்து வரைந்த பைக்குகள். அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு சாண் வித்தியாசம், அதில் பாதிக்கு மேல் காலில் இருக்கிறது. வேலைக்காகக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே வருஷக்கணக்காக ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நெட்டையான ஒருவன் பைக் வாங்கப் போனால் அவனைத் தவிர எல்லோரும் அவன் உடம்பைப் பற்றி முடிவெடுக்கிறார்கள்.

ஆளுக்கேத்த வண்டி

முதல் அறிவுரை எப்போதும் இதுதான்: "நீங்க இருக்கிற ஹைட்டுக்கு புல்லட் எடுங்க சார், கெத்தா இருக்கும்." கடலூரில் ஒரு பழைய வண்டிக் கடையில் இதைக் கேட்டேன். சிதம்பரத்தில் டீக்கடையில் கேட்டேன். கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார்.

புல்லட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1955 முதல் சென்னையில் தயாராகி, ராணுவமும் போலீசும் ஓட்டிப் பழகிய வண்டி. நிமிர்ந்து உட்கார வைக்கும், கையில் பாரம் ஏறாது. வாங்கச் சொல்கிற காரணத்தைப் பாருங்கள். "கெத்தா இருக்கும்." யாருக்கு? ரோட்டோரம் நின்று பார்க்கிறவனுக்கு. உயரமான ஆளும் பெரிய வண்டியும் சேர்ந்தால் அவன் கண்ணுக்கு நிறைவு. என் முட்டி எந்தக் கோணத்தில் மடங்குது, ஒரு மணி நேரம் கழித்து இடுப்பு என்ன சொல்லுது என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நான். அந்த வெட்கத்தைத்தான் 'சொகுசு' என்ற சொல் எனக்குள் விதைத்து வைத்திருக்கிறது.

இதே அறிவுரையின் இன்னொரு வடிவம் இளைஞர்களுக்கு: "ஸ்போர்ட்ஸ் பைக் எடு மச்சி." அங்கேயும் பார்க்கிறவன் கண்தான் அளவுகோல்.

சீட் உயரம் என்ற பொய்

ரெண்டாவது அறிவுரை கொஞ்சம் படித்தவர்களுடையது. "சீட் ஹைட் பாருங்க. ஜாஸ்தியா இருந்தா உயரமானவங்களுக்கு நல்லது." பாதி உண்மை என்பதால் இது இன்னும் ஆபத்தானது.

சீட் உயரம் என்பது தரையிலிருந்து சீட் வரை. வண்டி நிற்கும்போது கால் தரையில் எட்டுமா என்று அது சொல்லும். எனக்கு எல்லா வண்டியிலும் எட்டும். எனக்கு வேண்டியது வேறு அளவு: சீட்டிலிருந்து ஃபுட்ரெஸ்ட் எவ்வளவு தூரம்? முட்டி எவ்வளவு மடங்குது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை எந்த ப்ரோஷரிலும் நான் பார்த்ததில்லை.

கே.டி.எம். ஆர்.சி. 390-இன் சீட் உயரம் 820 மி.மீ.க்குக் குறையாது. ராயல் என்ஃபீல்டின் பழைய 411 சி.சி. ஹிமாலயனுக்கு 800 மி.மீ. காகிதத்தில் ஆர்.சி.தான் உயரம். ஏறி உட்கார்ந்து பாருங்கள். ஆர்.சி.யில் ஃபுட்ரெஸ்ட் மேலேயும் பின்னாலேயும் இருக்கும், ஹேண்டில்பார் கீழே. முட்டி மடங்கி, முதுகு வளைந்து, உடம்பின் பாரம் உள்ளங்கைக்கு வந்துவிடும். ரேஸ் ட்ராக்கில் அதற்கு நியாயம் உண்டு. ஆலப்பாக்கத்தில் ஏது ட்ராக்? ஹிமாலயனில் ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருக்கிறது, ஹேண்டில்பார் கைக்கு வருகிறது, முதுகு நேராக நிற்கிறது. பஜாஜ் டாமினார் 400-க்கும் சீட் உயரம் அதே 800 மி.மீ.தான். ஆனால் அதில் உடம்பு கொஞ்சம் முன்னால் சாயும், கால் கொஞ்சம் பின்னால் போகும். ஒரே எண், ரெண்டு வேறு உடம்புகள்.

பார்க்க வேண்டியது சீட், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார் மூன்றும் சேர்ந்த முக்கோணத்தை. நம் கையில் ஒரு டேப் இருந்தால் போதும், கடையில் நின்றபடி அளந்துவிடலாம். "என்ன சார், சட்டை தைக்கவா வந்தீங்க?" என்று கடைக்காரர் சிரிப்பார். ஆமாம். சட்டைக்கு அளவெடுக்கிற ஊரில் ஒண்ணே கால் லட்ச ரூபாய் வண்டிக்கு அளவெடுத்தால் மட்டும் ஏன் சிரிப்பு?

லடாக் போறவனுக்கு மட்டுமா டூரிங்?

ஸ்போர்ட்ஸ் டூரிங் என்ற வகை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1976-இல் பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ். என்ற பைக்கை விட்டது. அதன் முன்பக்க உறையை பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து வடிவமைத்தார்கள். ஓட்டுகிறவன் மேல் காற்று எப்படி மோதுது, நாள் முழுக்க வேகமாகப் போனாலும் அவன் களைக்காமல் இருப்பானா என்பதுதான் கேள்வி. அதாவது இந்த வகையே சொகுசைக் கேட்டுப் பிறந்தது. வேகமும் வேணும், உடம்பும் வேணும்.

நம்மிடம் வந்தபோது பெயர் தங்கிவிட்டது, கேள்வி தொலைந்துவிட்டது. டூரிங் என்றால் லடாக், பனி, பெட்டி கட்டிய வண்டி, ரீல்ஸ். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் போய் வருகிற மெடிக்கல் ரெப் பயணி இல்லையாம். போக 45 கிலோமீட்டர், வர 45. பழைய சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாற்றுப் பாலம். ஆண்டுக்கணக்கில் நடந்த நான்குவழிச் சாலை வேலையின்போது ஜல்லியிலும் புழுதியிலும் நின்றே ஓட்டியவர்கள் இவர்கள். வாரம் ஆறு நாள் போனால் ரெண்டு மாதத்தில் நாலாயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். கடலூரிலிருந்து லடாக்குக்குப் போகிற தூரத்தைவிட அது அதிகம். ஒருவனை 'ரைடர்' என்கிறோம், இன்னொருவனை 'வேலைக்குப் போறவன்' என்கிறோம். வசதியான வண்டி வேணும் என்று கேட்கிற உரிமை ரெண்டாமவனுக்குத்தான் கூடுதல்.

இதில் உயிரும் இருக்கிறது. மரத்துப்போன பாதம் பிரேக்கைத் தேடும். கழுத்து வலிக்கிறவன் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டான். மாலை ஏழு மணிக்கு எதிரே லாரி ஹைபீம் அடிக்கும்போது களைத்த உடம்புக்கு அரை நொடி தாமதம் என்பது சாலையில் பல மீட்டர். வசதி பாதுகாப்பின் ஒரு பகுதி. ஹெல்மெட் போடு என்று சொல்கிற யாரும் ஏன் இதைச் சொல்வதில்லை?

சரி, எதைத்தான் வாங்குறது?

என் உயரத்துக்கு, பழைய வண்டிச் சந்தையில், நான் முதலில் உட்கார்ந்து பார்ப்பது நாலு. கே.டி.எம். 390 அட்வென்சர்: 2020-இல் வந்தது, சீட் 855 மி.மீ., காலுக்குத் தாராளம். ஹிமாலயன் 411: மெதுவான வண்டி, ஆனால் மோசமான ரோட்டை மன்னிக்கும். டாமினார் 400: நெடுஞ்சாலைக்கு நாலிலும் ஸ்போர்ட்ஸ் டூரருக்கு நெருக்கமானது. பட்ஜெட் இடித்தால் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200: சீட் 823 மி.மீ., எடை குறைவு, மெக்கானிக் எங்கேயும் கிடைப்பார். பேர் 'அட்வென்சர்' என்று இருக்கிறதே, இது ஸ்போர்ட்ஸ் டூரிங்கா என்று வகை பிரித்துச் சண்டை போடுகிறவர்கள் போடட்டும். முட்டிக்கு வகை தெரியாது.

ஏறி உட்கார்ந்ததும் இறங்காதீர்கள். பத்து நிமிஷம் உட்காருங்கள். கால் ரெண்டும் ஃபுட்ரெஸ்ட்டில் இருக்கட்டும், வண்டியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஹேண்டில்பாரை விட்டுக் கையைத் தூக்குங்கள். உடம்பு முன்னால் விழுந்தால் அத்தனை பாரத்தையும் தினமும் மணிக்கட்டுதான் சுமக்கப் போகிறது. முட்டி டேங்கின் குழிக்குள் உட்காருதா, விளிம்பில் இடிக்குதா? பின்னால் நகர இடம் இருக்கிறதா, படிக்கட்டு சீட் தடுக்குதா? ஓட்டிப் பார்க்கும்போது வைசருக்கு மேலே வருகிற காற்று நேராக ஹெல்மெட்டில் அறையுதா? குள்ளமான வைசர் உயரமானவனுக்குப் பல நேரம் உபகாரம் இல்லை, உபத்திரவம்.

சின்னக் குறையைச் சரிசெய்யலாம். சீட் தைக்கிற கடையில் குஷனை ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஏற்றினால் முட்டி அந்த அளவுக்கு விரியும். ரைசர் வைத்து ஹேண்டில்பாரைத் தூக்கலாம், கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடாத வரை. முக்கோணமே தப்பாக இருக்கிற வண்டியை எந்தக் குஷனும் காப்பாற்றாது.

நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள். இது கடற்கரை மாவட்டம், வெள்ள மாவட்டம். 2015 மழை வெள்ளம், 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலை ஒட்டி வந்த தென்பெண்ணை வெள்ளம், ரெண்டிலும் நின்ற வண்டிகள் எத்தனையோ. கழுவி பாலிஷ் போட்டால் டேங்க் மின்னும். நீங்கள் குனிந்து பார்க்க வேண்டியது முன் ஃபோர்க் குழாயின் துரு, சைலன்சரின் அடிப்பக்கம், ஒயரிங் கனெக்டருக்குள் சேறு. அடுத்து நம்பர் பிளேட். புதுச்சேரி பக்கத்திலேயே இருப்பதால் பி.ஒய். வண்டி கொஞ்சம் மலிவாக வரும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய வேணும், வரி கட்ட வேணும். அதையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால், அது நீங்கும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்குப் பிந்தைய வண்டியாகப் பாருங்கள்.

இது நெட்டையர் பிரச்சினை மட்டும் இல்லை

"ஒட்டடை அடிக்க ஆள் வந்தாச்சு" என்று என்னைக் கிண்டல் செய்கிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. எனக்கு வசதியான 855 மி.மீ. சீட்டில், ஐந்தடி ரெண்டு அங்குலம் இருக்கிற ஒரு பெண் ஏறினால் கால் நுனியும் சரியாகத் தரையில் படாது. அவரிடம் கடைக்காரர் என்ன சொல்வார்? "உங்களுக்கு ஸ்கூட்டிதான் மேடம் சரி." என்னிடம் "புல்லட்" என்று சொன்ன அதே வாய். எங்கள் ரெண்டு பேர் உடம்பையும் பார்த்தார், ரெண்டு பேரிடமும் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. சராசரி என்பது யாருக்கும் தைக்காத சட்டை.

சிதம்பரம் கோயில் கோபுர வாசல்களில் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இடுப்பு எங்கே திரும்பணும், முழங்கால் எவ்வளவு மடங்கணும், பாதம் எங்கே ஊன்றணும் என்று உடம்பின் ஒவ்வொரு மூட்டையும் கல்லில் கணக்கெழுதிய ஊர். யாரும் அதைச் சொகுசு என்று சொல்லவில்லை, கலை என்றார்கள். அதே ஊரின் நாலு வீதியிலும் முட்டியைக் குறுக்கிக்கொண்டு, முதுகைக் கூனிக்கொண்டு பையன்கள் இ.எம்.ஐ. கட்டுகிறார்கள்.

அடுத்த தடவை வண்டி பார்க்கப் போகும்போது, கடைக்காரர் "எடுங்க சார், உங்க பர்சனாலிட்டிக்கு சூப்பரா இருக்கு" என்பார். "பத்து நிமிஷம் உக்காந்து பாக்குறேன்" என்று சொல்லுங்கள். அவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். தினமும் 90 கிலோமீட்டர் ஓட்டப் போவது அவர் இல்லை.